58 என்ற எண் எங்கிருந்து வந்தது?

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு 46 வயது. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். போன ஆகஸ்ட் மாதம் எடை குறைய இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டேன். அன்றைக்கு 124 கிலோ இருந்தேன். இப்போது 88. ஏழு வாரமாக அந்த 88ஐ விட்டு இறங்கவே இல்லை. என் உயரம் 163 சென்டிமீட்டர். கிளினிக் சுவரில் இருக்கும் அட்டவணைப்படி நான் 66 கிலோ இருக்க வேண்டும். நம் இந்திய உடம்புக்கு அதற்கும் கீழே போக வேண்டும் என்று எங்கோ படித்தேன். என் மனதில் இருக்கும் இலக்கு 58. 21 வயதில் கல்யாணம் ஆனபோது அந்த எடைதான். டிசம்பரில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். என் நாத்தனார், "அவ்வளவு பணம் கட்டி வயிற்றை வெட்டியும் இவ்வளவுதானா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அதிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். காலையில் தேநீரும் ஒரு ரஸ்க்கும், மதியம் அரைக் கிண்ணம் பருப்பும் கொஞ்சம் சோறும். முடி கொத்துக் கொத்தாய் வருகிறது. சுகர் மாத்திரை நின்றுவிட்டது, பிரஷர் மாத்திரை இரண்டிலிருந்து ஒன்றாகிவிட்டது, தைப்பூசத்தில் பால்குடம்கூட எடுத்தேன். ஆனால் எடை மட்டும் அசையவில்லை. எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா? இன்னொரு ஆபரேஷன் உண்டா? டிசம்பருக்குள் 58க்கு வர வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது எண்கள்தான் கண்ணில் பட்டன. 124, 88, 66, 58. மறுபடி படித்தபோதுதான் பால்குடத்தைக் கவனித்தேன். எத்தனை வருடம் கழித்து எடுத்தீர்கள்? அன்றைக்கு எவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்தீர்கள்? மூச்சு வாங்கியதா? எதையும் எழுதவில்லை. அரை வரியில் சொல்லிவிட்டு, "ஆனால்" என்று போட்டு எடைக்குப் போய்விட்டீர்கள். அந்த "ஆனால்" என்ற சொல்லைத்தான் இன்று பேச வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு அவசர விஷயம். இன்று ராத்திரி சாப்பிடுங்கள். நாளைக்கு, திங்கட்கிழமையிலிருந்து என்றெல்லாம் தள்ளிப் போடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டில் ஒரு நாளைக்குப் புரதம் 20 கிராம்கூடத் தேறாது. பைபாஸ் ஆனவருக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும், 80 வரை போனால் இன்னும் நல்லது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை முடி கொட்டுவது பலருக்கும் நடப்பது. உடம்பு திடீரென்று இளைத்த அதிர்ச்சியில் கொட்டும், பிறகு தானே வளரும். பதினோராவது மாதத்தில் கொத்தாக வருகிறது என்றால் அதை வழக்கமானது என்று விட்டுவிட மாட்டேன். இரும்புச்சத்தும் புரதமும் போதவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம். நீங்களோ அதே உடம்பைப் பார்த்து "இன்னும் குறை" என்று பட்டினி போடுகிறீர்கள்.

இனி அந்த 58க்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது? கல்யாணப் புகைப்படத்திலிருந்து. அந்தப் பெண்ணுக்கு 21 வயது. அவள் இன்னும் பிள்ளை பெறவில்லை, சுகர் வரவில்லை, 124 கிலோவைத் தூக்கிச் சுமந்ததும் இல்லை. அவள் எடையை 46 வயதில் கேட்பது, அவள் வயதையே திருப்பிக் கேட்பது போல. உங்களை வருத்தப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டு என்னிடம் வரும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் மனதில் வைத்திருப்பது கல்யாண எடையைத்தான். ஆண்களைக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடிய எடையைச் சொல்வார்கள்.

சுவரில் இருக்கும் 66 வேறு இடத்திலிருந்து வந்தது. அது பி.எம்.ஐ. 25க்கான எடை. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்தான் பி.எம்.ஐ. 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே என்ற கணித அறிஞர், "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று தெரிந்துகொள்ள ஐரோப்பியர்களின் உயரத்தையும் எடையையும் வைத்துப் போட்ட கணக்கு அது. அவர் வைத்தியர் இல்லை. குண்டானவரை இளைக்க வைக்கும் எண்ணமும் அவருக்கு இல்லை. அந்தக் கணக்குக்கு பி.எம்.ஐ. என்ற பெயரே 1972இல்தான் வந்தது. பெரிய கூட்டத்தைப் பார்த்து, எந்த எடைக்கு மேல் நோய் கூடுகிறது என்று சொல்ல அது நல்ல கருவி. நம்மவர்களுக்கு அதற்கும் கீழே என்று நீங்கள் படித்ததும் உண்மைதான். தெற்காசிய உடம்பில் அதே எடைக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்கிறது, சுகர் சீக்கிரம் வருகிறது. அதனால் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 23லேயே எச்சரிக்கை தொடங்கட்டும் என்றது. உங்கள் உயரத்துக்கு அது 61 கிலோ. ஆனால் அந்தக் கோடு யாருக்கு? இன்னும் எடை ஏறாத ஒருவருக்கு, "இதைத் தாண்டாதே" என்று சொல்லும் கோடு. பி.எம்.ஐ. 46ஐத் தாண்டிப் போய், அங்கிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, "இங்கே வந்து சேர்ந்தால்தான் ஆயிற்று" என்று சொல்லும் கோடு கிடையாது. சாலையில் வேகத்துக்கு வைத்த பலகையைப் போய் ஊர் பெயர்ப் பலகை என்று படித்தால் எப்படி இருக்கும், அப்படி.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. உணவியல் ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப வருடங்களில் நானும் அட்டவணையைப் பார்த்துத்தான் எழுதினேன். ஒவ்வொருவர் கார்டின் மேலேயும் சிவப்பு மையில் இலக்கு எடை. நம் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அம்மா வருவார். 131 கிலோவிலிருந்து ஒரு வருடத்தில் 92க்கு வந்திருந்தார். கார்டில் நான் எழுதியிருந்தது 62. 92க்குப் பிறகு எடை நின்றது, அவர் வருவதும் நின்றது. மூன்று வருடம் கழித்து மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதம் மரத்துப்போய் நடை தள்ளாடியது. பி12 மாத்திரையை எப்போதோ விட்டுவிட்டார், ரத்தத்தில் அது அடிமட்டத்துக்குப் போயிருந்தது. "ஏன் அம்மா வரவே இல்லை?" என்று கேட்டேன். "நீ எழுதின நம்பருக்கு வந்துவிட்டு அப்புறம் வரலாம் என்று இருந்தேன், தாயி" என்றார். பி12 ஊசி போட்டதில் பாதி மரப்பு போயிற்று, மீதி கடைசிவரை போகவே இல்லை. அந்தச் சிவப்பு எண்ணை எழுதியது என் கை. அன்றோடு அட்டவணையைப் பார்த்து இலக்கு எழுதுவதை விட்டேன்.

அப்படியென்றால் எதைப் பார்த்து எழுதுவது? தொடங்கிய இடத்தைப் பார்த்து. எடை குறைக்கும் ஆபரேஷன் செய்தவர்கள் இழப்பதை, தொடங்கிய எடையில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதுதான் நேர்மையான கணக்கு. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி, ஆபரேஷன் செய்த சுமார் 2,000 பேரையும், அதே அளவு எடையில் ஆபரேஷன் செய்யாதவர்களையும் பல வருடம் விடாமல் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு வருடத்துக்குள் சராசரியாக 32 சதவீதம் இழந்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது 25 சதவீதம் குறைந்த நிலையில் இருந்தார்கள். அதாவது கொஞ்சம் திரும்பி ஏறியது. ஏறியும், ஆபரேஷன் செய்தவர்கள் கூட்டத்தில் இறப்பு குறைவாகவே இருந்தது.

உங்கள் எண்ணை அதில் வைத்துப் பாருங்கள். 124இல் 36 கிலோ போயிருக்கிறது. 29 சதவீதம். பதினொரு மாதத்தில். சுகர் உள்ளவர்களுக்குச் சராசரியாக இழப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். உங்களுக்கு சுகர் இருந்தும் இந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். 32 சதவீதம் என்றால் 84 கிலோ. பத்து வருடக் கணக்கான 25 சதவீதம் என்றால் 93. நீங்கள் 58க்குப் போக வேண்டுமானால் உடம்பில் பாதிக்கு மேல் போக வேண்டும், 53 சதவீதம். 40 சதவீதம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், 20இலேயே நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் இழந்து, ஆரோக்கியமாகவும் இருந்து, அங்கேயே நிலைத்தவர் என்று என் மேசைக்கு எதிரே ஒருவரும் உட்கார்ந்ததில்லை. அந்த இடத்துக்குப் போனவர்கள் வேறு ஏதாவது நோயில் போனவர்கள்.

"இவ்வளவுதானா?" என்று உங்கள் நாத்தனார் கேட்டதற்குப் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஆபரேஷன் தன் வேலையைச் செய்துவிட்டது. நீங்களும் உங்கள் வேலையைச் செய்துவிட்டீர்கள்.

ஏழு வாரமாக ஏன் நகரவில்லை என்று கேட்பீர்கள். 124 கிலோ உடம்பை நடத்த ஆன செலவு 88 கிலோ உடம்பை நடத்த ஆகாது. இது எளிதாகப் புரியும். அதற்கு மேலேயும் ஒன்று நடக்கிறது. நிறைய எடை இழந்த உடம்பு, அந்த எடைக்கு இயல்பாகச் செலவழிக்க வேண்டியதைவிடவும் குறைவாகச் செலவழிக்கப் பழகிக்கொள்கிறது. பஞ்சம் வந்திருக்கிறது என்று அதற்குப் படுகிறது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் பாட்டன் பூட்டன்களைக் காப்பாற்றியது இந்தக் குணமாகவும் இருக்கலாம் என்று சில சமயம் நினைப்பேன். இப்போது நீங்கள் ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தினால் பஞ்சம் உறுதியாகிவிடுகிறது. உடம்பு கொழுப்பை விடுவதோடு தசையையும் கரைக்கத் தொடங்கும். தசைதான் உட்கார்ந்திருக்கும்போதும் சக்தியைச் செலவழிப்பது. அது போனால் எடை மெஷினில் ஒரு கிலோ குறையும், அடுத்த வருடம் மூன்று கிலோ ஏறுவதற்கு வழி திறந்துவிடும். 46 வயதில் மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்கும்போது தசை தானாகவே குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டினி போட உங்களுக்கு இதைவிடத் தப்பான வயது கிடையாது.

இன்னொன்று, 36 கிலோ போன பிறகு வயிற்றிலும் மேல்கையிலும் தொடையிலும் தோல் தொங்குகிறது அல்லவா? அதற்கும் எடை உண்டு. எடை மெஷினுக்குத் தோல் எது, கொழுப்பு எது, தசை எது என்று தெரியாது. நேற்று ராத்திரி ஊறுகாய் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டதும், மூன்று நாளாக வயிறு சரியாகப் போகாததும் அதற்கு ஒன்றுதான். தினமும் ஏறி நிற்பதை விடுங்கள். வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலையில் கழிவறை போய்வந்த பின். அதோடு மாதம் ஒரு முறை தையல்காரர் டேப்பால் இடுப்பை அளந்து எழுதுங்கள். எடை நின்ற மாதங்களிலும் இடுப்பு இறங்குவதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். நெஞ்சுக்கும் சுகருக்கும் இடுப்பளவு சொல்லும் சேதி எடையைவிடத் தெளிவானது.

நான் உங்கள் கார்டில் இலக்கு எழுதினால் ஒரு எண்ணாக எழுத மாட்டேன். "84 முதல் 90 வரை" என்று எழுதுவேன். பென்சிலில். பைபாஸுக்குப் பிறகு எடை பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள்தான் அதன் கீழ்மட்டத்தைத் தொடும். உங்களுக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டு நடந்தால் இன்னும் மூன்று நான்கு கிலோ போகலாம், போகாமல் 88இலேயே குடியிருக்கவும் செய்யலாம். இரண்டு வருடம் முடியும்போது எங்கே நிற்கிறதோ, பட்டினி கிடக்காமல், எதற்கும் பயப்படாமல் எந்த எடையில் ஆறு மாதம் இருக்க முடிகிறதோ, அதைப் பேனாவால் எழுதிக்கொள்வோம். அதிலிருந்து ஐந்து கிலோ ஏறினால் உடனே கிளினிக்குக்கு போன் செய்யுங்கள். பத்து கிலோ ஏறும்வரை வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்காராதீர்கள். இரண்டாவது, மூன்றாவது வருடத்தில் இரண்டு மூன்று கிலோ ஏறுவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடக்கும், அதற்காக அழக் கூடாது.

இந்த 84-90க்குப் பக்கத்தில் வேறு சில இலக்குகளும் எழுதுவேன். மூன்று மாத சராசரி சுகரை, மாத்திரை இல்லாமல், 6.5 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது. சுகர் அடங்கியிருக்கிறதே தவிர ஒரேயடியாகப் போய்விட்டதாக நினைத்துவிடாதீர்கள். வருடா வருடம் ரத்தமும் கண்ணும் பாதமும் பார்த்தாக வேண்டும். இரண்டாவது பிரஷர் மாத்திரையும் போகுமா என்று டாக்டரிடம் கேட்பது. பிறகு சாட்ஸ்வொர்த் மேடு. பஸ்ஸிலிருந்து இறங்கி உங்கள் வீட்டுப் படி ஏறும்வரை முன்பு எத்தனை இடத்தில் நின்றீர்கள், இப்போது எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள்? முழங்கால் தேய்ந்தவர்களிடம் செய்த ஆய்வில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் நான்கு கிலோ சுமை குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். உங்கள் 36 கிலோவை நான்கால் பெருக்கிப் பாருங்கள். பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நீங்கள் எடுத்து வைத்த ஒவ்வொரு அடியிலும் அந்தச் சுமை இல்லை. அதனால்தான் எடுக்க முடிந்தது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எல்லாம் அங்கேதான் இருக்கிறது. பவுடர் டப்பா வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம், நம் டர்பன் சமையல் போதும். காலையில் இரண்டு முட்டை, அதில் புரதம் 12 கிராம். பத்து மணிவாக்கில் ஒரு கோப்பை அமாசி, 8 கிராம். நம் மோர் தயிர் வயிற்றுக்கு ஜூலு மக்களின் இந்தப் புளித்த பால் நன்றாக ஒத்துப்போகும், விலையும் கட்டுப்படியாகும். மதியம் டின் ஃபிஷ் கறி. நம் வீடுகளில் மாதக் கடைசியில் மட்டும் செய்கிற ஏழைச் சாப்பாடு என்று அதை ஒதுக்காதீர்கள். தக்காளியும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கிய அந்த மீன் 100 கிராமில் 18 கிராம் புரதம் இருக்கிறது, முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும். சாயங்காலம் அரைக் கிண்ணம் கெட்டிப் பருப்பு, 9 கிராம். ராத்திரி உள்ளங்கையில் முக்கால் அளவு கோழிக்கறி, 20 கிராம். கூட்டினால் 67. சோறும் ரொட்டியும் கடைசியில், வயிற்றில் இடம் இருந்தால். பிரியாணி செய்யும் நாளில் அதிலிருக்கும் மசூர்ப் பருப்பையும் கறியையும் முதலில் எடுத்துச் சாப்பிடுங்கள். பாண் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பன்னி சௌ வேண்டுமென்று ஆசை வந்தால் பீன்ஸ் கறியை மட்டும் கிண்ணத்தில் வாங்குங்கள், பாண் உங்கள் இப்போதைய இரைப்பையில் களிபோல் உருண்டு அடைத்துக்கொள்ளும்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், அரை மணி நேரம் விடுங்கள். தேநீரை இரும்பு மாத்திரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அது இரும்பைச் சேரவிடாது. கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் வேண்டும். வைட்டமின்கள், பி12, எல்லாம் ஆயுளுக்கும். எடை நின்றாலும் நிற்காவிட்டாலும்.

ஆடி வருகிறது, அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ஒரு சிறு கோப்பை குடியுங்கள், அதில் தப்பில்லை. சர்க்கரை போட்டிருந்தால் மட்டும் வேண்டாம், நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்டும். எனக்கு உண்மையான கவலை புரட்டாசியைப் பற்றித்தான். மாதம் முழுக்க விரதம் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நம் ஊரில் இல்லாத வீடு குறைவு. இருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் முட்டையும் மீனும் கோழியும் போனால் புரதத்தில் முக்கால் பங்கு போய்விடும், அந்த இடத்தில் உருளைக்கிழங்குக் கறியும் மதும்பிக் கிழங்கும் பூரியும் வந்து உட்காரும். சோயா மின்ஸ் 40 கிராம் காய்ந்ததாக எடுத்து ஊறவைத்துச் சமைத்தால் 20 கிராம் புரதம் இருக்கிறது. சுகர் பீன்ஸ் என்ற காய்ந்த பயறு, பருப்பு, தயிர், பன்னீர் இவற்றை வேளைக்கு ஒன்றாக வையுங்கள். ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதம் உங்களுக்கு இனி ஆகாது. உடம்பு முடியாதவர்களிடம் எந்தச் சாமியும் அதைக் கேட்காது என்று என் ஆயா சொல்வார், நானும் அதையே நம்புகிறேன்.

நடை தினமும் வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துப் பத்தாக மூன்று தடவை, இரண்டு கையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் தூக்கி இறக்குவது. சனிக்கிழமை காலையில் கடற்கரையில் எல்லோரும் சேர்ந்து ஓடும் 5 கிலோமீட்டர் பார்க்ரன் நடக்கிறது, காசு கிடையாது, நடந்தே முடிக்கலாம். கடைசியில் வருகிறவரோடும் ஒருவர் கூடவே நடந்து வருவார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஒரு மணி நேரம் கிடைக்கும்.

ஊசி பற்றி: அது நல்ல மருந்துதான், ஆபரேஷனுக்குப் பிறகு நிறைய எடை திரும்பி ஏறியவர்களுக்கு டாக்டர்கள் கொடுக்கிறார்கள். உங்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஏற்கெனவே சாப்பாடு போதாமல் இருக்கும் ஒருவருக்குப் பசியை அடக்கும் ஊசி போட்டால் இன்னும் சாப்பிட மாட்டீர்கள், வாந்தியும் சேரலாம். பைபாஸ் ஆனவர் நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் தயமின் என்ற வைட்டமின் சட்டென்று தீர்ந்து நரம்பையும் மூளையையும் தாக்கும், அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். தெரிந்தவர் மூலம் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். இன்னொரு ஆபரேஷன் பற்றிக் கேட்டீர்கள். முதல் ஆபரேஷன் சரியாக வேலை செய்த இடத்தில் இரண்டாவதற்கு வேலை இல்லை. இரண்டாவது எப்போதும் முதலாவதைவிட ஆபத்து கூடியது. ஒரு புகைப்படத்துக்காக அந்த மேசையில் மறுபடி படுக்க வேண்டாம்.

நாத்தனாரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அவர் இருக்கிறார். கணக்கெல்லாம் சொல்லி விளக்க வேண்டாம். "அண்ணி, சுகர் மாத்திரை நின்றுவிட்டது" என்று மட்டும் சொல்லுங்கள். நம் சனத்தில் சுகரால் கால் விரலை எடுத்தவர், கண் மங்கியவர், டயாலிசிஸ் போகிறவர் இல்லாத குடும்பம் எது? அவருக்கும் அது தெரியும். அவர் வீட்டிலேயும் யாராவது இருப்பார்கள்.

டிசம்பர் கல்யாணத்துக்குச் சேலை எந்த எடைக்கும் பொருந்தும், பிரச்சினை ரவிக்கைதான். பழைய கூரைச்சேலை ரவிக்கைக்குள் நுழைய வேண்டும் என்று நினைக்காதீர்கள். புதிதாகத் தையுங்கள், நவம்பர் கடைசியில் அளவு கொடுங்கள், இரண்டு பக்கமும் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். கை கொஞ்சம் நீளமாக, முழங்கை வரை வைத்தால் மேல்கைத் தோல் பற்றிய கூச்சம் இருக்காது. அந்த ஒரு வாரம் உறவுக்காரர்கள் எல்லோரும் தட்டை நீட்டுவார்கள், மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். ஒரு துண்டு வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருங்கள். கையில் தட்டு இருந்தால் யாரும் வற்புறுத்துவதில்லை, இது நான் பல கல்யாணத்தில் பார்த்தது.

இந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது. ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், துத்தநாகம், அல்புமின், மூன்று மாத சராசரி சுகர் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். முடி கொட்டுவதையும் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சுகர் மாத்திரை நின்றதும் பிரஷர் மாத்திரை குறைந்ததும் அவர் சொல்லித்தானே? நீங்களாகச் செய்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் எடையைக் கடைசி வரியில் போடுங்கள். முதல் வரியில், பால்குடத்தோடு எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா, உணவியல் ஆலோசகர், டர்பன்